ஜீப்ரா கிராஸிங்கில் ஒரு பாகப்பிரிவினை

லண்டனில் 'அபே ரோடு' ஒன்றுக்கு மேல் இருக்கிறது. ஒன்றில் பீட்டில்ஸ் நடந்தார்கள். இன்னொன்றில் நான் போய் இறங்கினேன்.

ஈஸ்ட் ஹாமில் அக்கா வீடு. கிளம்பும்போதே மாமா, "வெஸ்ட் ஹாம்ல ஜூபிலி லைன் மாறு மாப்ளே. செயின்ட் ஜான்ஸ் வுட்ல இறங்கு. பொடிநடைதான்" என்று படித்துப் படித்துச் சொன்னார். வெஸ்ட் ஹாம் பலகையில் பார்த்தால், அபே ரோடு அடுத்த ஸ்டேஷன்! இருபது வருஷமாக இங்கே இருக்கிற மனிதருக்கு ஊரே தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டுக்கொண்டே குட்டி ரயிலில் ஏறினேன். இறங்கினால் ஈ காக்காய் இல்லை. ஒரு அறிவிப்புதான் இருந்தது. பீட்டில்ஸ் பாட்டுத் தலைப்புகளைக் கோத்து, 'தம்பி, நீ தேடி வந்த இடம் இது இல்லை' என்கிற அர்த்தத்தில். 2011-ல் இந்த ஸ்டேஷன் திறந்ததிலிருந்து உலகம் முழுக்க இருந்து ஆட்கள் இப்படி வந்து அசடு வழிந்துகொண்டிருக்கிறார்களாம். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மாமாவிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

பீட்டில்ஸ் பைத்தியம் எனக்குத் தானாக வந்ததில்லை. ஒட்டவைத்தவன் ஒருத்தன். அவனைப் பற்றி அப்புறம்.

முந்தின நாளே ஸாவில் ரோ போய்விட்டு வந்தேன். கோட்டு சூட்டுத் தைக்கிற பரம்பரைத் தையல்காரர்களின் தெரு. ஜன்னல் வழியே ஒரு கோட்டின் விலையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு 3-ம் நம்பர் கட்டடத்துக்கு நகர்ந்தேன். 1969-ல் பீட்டில்ஸின் 'ஆப்பிள்' கம்பெனி அங்கேதான் இருந்தது. அந்த வருஷம் ஜனவரி 30, நல்ல குளிர். மொட்டைமாடியில் நாலு பேரும் ஏறி, கீபோர்டுக்கு பில்லி பிரஸ்டனை வைத்துக்கொண்டு வாசித்தார்கள். ஜான் லெனன் போட்டிருந்தது மனைவியாகப் போகிற யோகோவின் ஃபர் கோட்டு. ரிங்கோ போட்டிருந்தது மனைவியின் சிவப்பு மழைக்கோட்டு. (உலகப் புகழ் பெற்றாலும் குளிருக்கு வீட்டம்மா அலமாரிதான்.) சத்தம் தாங்கவில்லை என்று புகார் போய், அதே தெருவிலிருந்த ஸ்டேஷன் போலீஸ் வந்தது. சுமார் 42 நிமிஷம். அதுதான் நாலு பேரும் சேர்ந்து மக்கள் முன்னால் வாசித்த கடைசித் தடவை.

இருபது நாள் முன்னால்தான் ஜார்ஜ் ஹாரிஸன் 'போங்கடா நீங்களும் உங்க பாட்டும்' என்கிற மாதிரி எழுந்து போய்விட்டு, சமாதானமாகித் திரும்பியிருந்தார். கீழே பேஸ்மென்ட்டில் 'மேஜிக் அலெக்ஸ்' என்று ஒருவர் கட்டிக்கொடுத்த அதிநவீன ஸ்டூடியோ எதற்கும் உதவாமல், இ.எம்.ஐ.யிலிருந்து கருவிகளை இரவல் வாங்கி வந்தார்கள்.

எல்லோரும் அந்த மாடியைப் பார்த்துப் பாட்டை நினைப்பார்கள். எனக்கு லெட்ஜர்தான் ஞாபகம் வந்தது. பி.காம். பண்ணிய பாவம்.

ஆப்பிள் கம்பெனி நடந்த லட்சணத்தைப் படித்தால் உங்கள் ஆபீஸ் மேனேஜருக்கு மாலை போடுவீர்கள். பேக்கர் தெருவில் 1967 டிசம்பரில் ஒரு துணிக்கடை திறந்தார்கள். எட்டு மாசம்கூட ஓடவில்லை. 1968 ஜூலை கடைசியில், இருக்கிற சரக்கையெல்லாம் இலவசமாக எடுத்துக்கொண்டு போங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். முதல் நாள் ராத்திரி ஓனர்களே வந்து வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். இப்படியே போனால் ஆறு மாசத்தில் எல்லோரும் ஓட்டாண்டி என்று 1969 தொடக்கத்தில் லெனன் பத்திரிகைக்காரர்களிடமே சொல்லிவிட்டார்.

கணக்கைச் சரிபண்ண ஆள் தேடினார்கள். அங்கே ஆரம்பித்தது வினை. ஜான், ஜார்ஜ், ரிங்கோ மூன்று பேரும் நியூயார்க்கின் ஆலன் க்ளைன் பக்கம். ரோலிங் ஸ்டோன்ஸ் வரவுசெலவைப் பார்த்தவர், பேரம் பேசுவதில் எமன். பால் மெக்கார்ட்னியோ மாமனார் லீ ஈஸ்ட்மேன்தான் வேண்டும் என்றார். மார்ச் 12-ம் தேதி கல்யாணமாகி, புது மாப்பிள்ளை. மாமனார் எவ்வளவு பெரிய வக்கீலாக இருந்தாலும், கம்பெனிக்குள் சம்பந்தி வீட்டை விட மற்றப் பங்காளிகள் சம்மதிப்பார்களா? நம்ம ஊர் நெல் மண்டியில்கூட நடக்காது.

நடுவில் இன்னொரு கூத்து. அவர்கள் பாட்டுகளின் உரிமையை வைத்திருந்த நார்தர்ன் ஸாங்ஸ் கம்பெனியில் தன் பங்கை டிக் ஜேம்ஸ் ஏ.டி.வி.க்கு விற்றுவிட்டார். அதை மடக்கப் பார்க்கும்போதுதான், பால் சத்தமில்லாமல் ஜானைவிட லட்சம் பங்குகளுக்கு மேல் அதிகமாக வாங்கிச் சேர்த்திருந்தது வெளியே வந்தது. பன்னிரண்டு வருஷ சிநேகம். அந்த அறையில் ஜானின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். ஏன் என்றால், அதுவும் அப்புறம்.

இந்த மீட்டிங்குகள் தாங்காமல் ஒருநாள் ஜார்ஜ் ஆப்பிளுக்கு மட்டம் போட்டுவிட்டு நண்பர் எரிக் கிளாப்டன் வீட்டுத் தோட்டத்துக்குப் போய், வெயிலில் கிடாரோடு உலாத்தினார். அங்கே பிறந்ததுதான் 'ஹியர் கம்ஸ் தி ஸன்'. ஆபீஸுக்கு மட்டம் போட்டு நானும் எவ்வளவோ நாள் வெயிலில் சுற்றியிருக்கிறேன். தலைவலிதான் வந்தது.

இவ்வளவு வெட்டுப்பழி, குத்துப்பழிக்கு நடுவே ஜூலை, ஆகஸ்டில் திரும்ப ஒன்றாக உட்கார்ந்து ஒரு ரெக்கார்டு போட்டார்களே, அதுதான் எனக்குப் புரியாத விஷயம். கார் விபத்தில் அடிபட்ட யோகோவுக்கு ஸ்டூடியோவிலேயே கட்டில் போட்டிருந்தது. ஒரு என்ஜினீயர் குடித்த சிகரெட் பிராண்டின் பெயரில் 'எவரெஸ்ட்' என்று தலைப்பு வைத்து, இமயமலைக்கே போய்ப் படம் எடுக்கலாம் என்று யோசனை. யார் அவ்வளவு தூரம் போவது? வாசலுக்கு வந்து ரோட்டைத் தாண்டினார்கள். தெருப்பேரையே தலைப்பாக்கினார்கள்.

1969 ஆகஸ்ட் 8, காலை 11.35 வாக்கில். போலீஸ்காரர் போக்குவரத்தை நிறுத்த, இயன் மேக்மில்லன் ஏணியில் ஏறி மொத்தம் ஆறு படம் எடுத்தார். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. அதில் பால் மட்டும் வெறுங்கால். இதை வைத்தே அவர் செத்துப்போய்விட்டார், நடப்பது டூப்பு என்று அந்த வருஷக் கடைசியில் அமெரிக்காவில் ஒரே புரளி. ஓரமாக நின்ற வெள்ளை ஃபோக்ஸ்வேகன் காரின் நம்பர் பலகையை ரசிகர்கள் திருடிக்கொண்டே இருந்தார்கள். இப்போது நான் நின்ற இடத்தில் கார் இல்லை, ஹாரன்தான். கிராஸிங் 2010-லிருந்து பாதுகாக்கப்பட்ட சின்னம். ஜப்பான், பிரேசில் என்று கூட்டம் நாலு நாலாகச் சேர்ந்து கடக்க, பஸ் டிரைவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

நாலு பேரும் ஒன்றாக அந்த ஸ்டூடியோவில் இருந்த கடைசி நாள் ஆகஸ்ட் 20. ஒரு மாசம் கழித்து ஜான், 'நான் விலகுகிறேன்' என்றார். க்ளைன் பேசி முடித்திருந்த புது ஒப்பந்தம் கெட்டுவிடும் என்று மூடி மறைத்தார்கள். 1970 டிசம்பர் 31-ல் பால், மற்ற மூன்று பேர் மேல் லண்டன் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார். கூட்டு வியாபாரத்தைக் கலைக்கச் சொல்லி. முழுசாகக் கலைய 1975 ஆயிற்று. அதற்குள் க்ளைனோடு மற்ற மூன்று பேருக்கும் சண்டை. பிற்பாடு வரி வழக்கில் அவர் இரண்டு மாசம் ஜெயிலுக்கும் போனார். பால் சொன்னது சரி என்று ஆனது. சரி என்று ஆனதால் யாருக்கு என்ன லாபம்?

1890-ம் வருஷ ஆங்கிலச் சட்டத்தைப் பார்த்துத்தான் நம்ம 1932 பார்ட்னர்ஷிப் சட்டம் எழுதினார்கள். நானும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். கார்னர் வெர்சஸ் மர்ரே கணக்கில் எனக்கு பாலன்ஸ் ஷீட் இடிக்கும்; அவனுக்கு டாலி ஆகும். படித்து முடித்து காலேஜ் எதிரிலேயே ஒரு ஜெராக்ஸ் கடை போட்டோம். மெமரி கார்டில் பாட்டும் ஏற்றித் தருவோம். ராஜா பாட்டு கேட்டு வருகிறவனுக்கெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பீட்டில்ஸ் ஃபோல்டரையும் தள்ளிவிடுவான். பத்திரம் கிடையாது, பேச்சுதான். 2014-ல் கல்லாவில் பதினெட்டாயிரம் இடித்தது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கேட்கவில்லை, பார்த்தேன். அவ்வளவுதான். அப்புறம் பேச்சு இல்லை.

ஆறு மாசம் கழித்துப் பழைய டைரியில் அந்தப் பணம் கிடைத்தது. மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்தது நான்தான். எழுத மறந்ததும் நான்தான். அதையும் அவனிடம் சொல்லவில்லை.

அந்த கிராஸிங்கை இருபத்துநாலு மணி நேரமும் காட்ட ஸ்டூடியோக்காரர்கள் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்தே பார்க்கலாம். பழைய நம்பர் போனில் இன்னும் இருந்தது. லிங்க்கை அனுப்பி, 'நீலச் சட்டை, நான்தான்' என்று அடித்தேன். 'பதினெட்டாயிரம் நான் மெஷினுக்குக் கொடுத்தது. தப்பு என்னோடது' என்றும் அடித்தேன். பிறகு மூன்று கொரியப் பையன்களுக்குப் பின்னால் நாலாவது ஆளாகக் கடந்தேன். பாதியில் ஒரு வேன்காரன் ஹாரன் அடித்தான். நிமிர்ந்து எந்தப் பக்கம் கேமரா என்று தெரியாமல் பொத்தாம்பொதுவாகக் கை காட்டினேன்.

செயின்ட் ஜான்ஸ் வுட் வாசலில் நிற்கும்போது போன் சிணுங்கியது.

"கால்ல செருப்போட நடக்குற. பால் மாதிரி கழட்டிட்டுத் திரும்ப நட. ஒய்ஃப் இன்னும் பாக்கலியாம்."

திரும்பிப் போனேன்.