நெடுமடல்களும் தனித்தாள்களும்

நம் தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலிலிருந்தும், அதற்குத் தெற்கே மணப்பாட்டிலிருந்தும், பிற கடற்கரை ஊர்களிலிருந்தும் 1544ஆம் ஆண்டில் புனித சவேரியார் தம் துணைவர் பிரான்சிஸ் மன்சிலாசுக்கு எழுதிய மடல்கள் இருபதுக்கு மேல் இன்றும் கிடைக்கின்றன. அவற்றை வாசிப்போரை முதலில் வியக்கவைப்பது அவற்றின் குறுக்கமே. இன்ன ஊருக்குச் செல், குழந்தைகளுக்குச் செபம் கற்பி, மக்களிடம் பொறுமையாய் நடந்துகொள், எனக்குச் செய்தி அனுப்பு என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அதே சவேரியார் அதே ஆண்டு சனவரி 15ஆம் நாள் கொச்சியிலிருந்து உரோமையிலிருந்த தம் சகோதரர்களுக்கு எழுதிய மடலோ மிக நெடியது. செபங்களைத் தமிழில் பெயர்த்த பாடு, திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோன நிலை, இங்கு வந்து உழைக்க ஆளில்லையே என்ற ஏக்கம் யாவும் அதில் உண்டு. மறு ஆண்டே அது பாரீசில் அச்சேறியது. எழுதியவர் ஒருவரே. வெயிலில் ஊர் ஊராக அலையும் துணைவருக்குச் சில வரிகள் போதும். கப்பல் எப்போது வருமோ என்று காத்திருப்பவருக்குச் சில வரிகள் போதா.

ஏரலில் உட்கார்ந்துகொண்டு இந்த வேறுபாட்டை நாம் எண்ணிப் பார்க்க வேண்டியிருப்பதற்குக் காரணம் நம் கைப்பேசியே. நம் அன்பியத்துக் குடும்பங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஊரில் இருப்போர், மும்பையில் கடை வைத்திருப்போர், வளைகுடா நாடுகளில் உழைப்போர் என எல்லாரும் அதில் இருக்கிறார்கள். கோழி கூவுமுன் அன்றைய புனிதரின் முழு வரலாறு வந்துவிடும். பின்னர் ஒன்பது நாள் செபம், ஒன்பது நாளும் சேர்த்தே வரும். முருங்கைக்கீரையின் மருத்துவக் குணங்கள், பத்துப் பேருக்கு அனுப்பாவிடில் நேரும் தீங்குகள் (இது மறையுரையும் அன்று, நம்பிக்கையும் அன்று), யாரோ எழுதிய அரசியல் கட்டுரை என்று அடுக்கிக்கொண்டே போகும். அந்தச் செயலியில் ஒரு செய்தி 65,536 எழுத்துக்குறிகள் வரை நீளலாமாம். இவற்றுக்கிடையே கோவில்பிள்ளை ஒரே வரியில், நாளைத் திருப்பலி ஆறு மணிக்கன்று, ஐந்தரைக்கு என்று எழுதியிருப்பார். மறுநாள் நற்கருணை வேளையில் பாதிப் பேர் மூச்சிரைக்க வந்து சேருவர்.

முன்பு தாளே நம்மைத் திருத்தியது. 1879இல் இந்தியாவுக்கு வந்த காலணா அஞ்சலட்டையில் இடம் எவ்வளவு என்பது எல்லாரும் அறிந்ததே. 1950இல் வந்த உள்நாட்டு அஞ்சல் தாளும் மூன்று மடிப்போடு நின்றது. சொல்ல மறந்ததை ஓரங்களில் சுற்றிச் சுற்றி எழுதி, ஒட்டும் மடிப்பிலும் எழுதி முடிப்பர். தந்தியிலோ சொல்லுக்குச் சொல் காசு. 2013 சூலையில் அச்சேவை நிறுத்தப்படும் வரை, தந்தி எழுதத் தெரிந்தவருக்கு ஊரில் தனி மதிப்பு இருந்தது. கைப்பேசிக் குறுஞ்செய்திக்கும் தொடக்கத்தில் 160 எழுத்து என்ற வரம்பு வைத்தனர். அந்த அளவை 1985இல் வகுத்த ஜெர்மானியப் பொறியாளர் ஃபிரீடெல்ம் ஹில்லபிரான்ட், அஞ்சலட்டைகளில் மக்கள் எவ்வளவு எழுதுகிறார்கள் என்பதையும் கணக்கில் கொண்டாராம். தமிழுக்கு அதே செய்தியில் 70தான் இடம். புள்ளியும் கொம்பும் கூடத் தனித்தனியே எண்ணப்படும். இன்று அந்த வேலிகள் எவையும் இல்லை.

இதெல்லாம் வெறும் சலிப்பு என்று சிலர் கூறலாம். 2023 டிசம்பர் 17, 18 நாட்களுக்குப் பின் நாம் அவ்வாறு கருதுவதில்லை. அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஒரு தொடர்வண்டி நிறைய மக்கள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கியிருந்தனர். ஏரலில் பாலம் துண்டிக்கப்பட்டது. கடைத்தெரு நீரில் நின்றது. மின்சாரமும் இல்லை, கைப்பேசித் தொடர்பும் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் தனியே வாழும் நம் அத்தைக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. சர்க்கரை நோயும் உண்டு. அவர் எங்கே இருக்கிறார் என்று அறியாமலே இரவுகள் கழிந்தன. பின்னர் அண்டை வீட்டு மொட்டை மாடியில் ஒரு மூலையில் நின்றால் சிறிது நேரம் தொடர்பு கிடைக்கிறது என்றார்கள். ஏறி நின்றோம். கைப்பேசியில் மின்னூட்டம் ஒன்பது விழுக்காடு இருந்தது.

செய்திகள் வெள்ளம்போல் இறங்கின. நூற்றுக்கணக்கில் இருந்தன. உதவி எண்களின் பட்டியல்; அதே பட்டியல் மற்றொருவரிடமிருந்து; அணை உடைந்துவிட்டது என்ற பொய்; அது பொய் என்று விளக்கும் ஒரு பக்கம்; மழையை நிறுத்த வேண்டும் மிக நீண்ட மன்றாட்டு. எல்லாம் நல்லெண்ணத்தோடு அனுப்பப்பட்டவையே. விரலால் தள்ளிக்கொண்டே போனோம். மூன்று விழுக்காடு எஞ்சியிருந்தபோது உறவுப் பையன் ஒருவன் எழுதியிருந்த வரி கண்ணில் பட்டது: “அத்தை எங்களோடு இருக்கிறார். மாத்திரை கையில் உண்டு.” அது இரண்டு நாட்களுக்கு முன்பே வந்து கிடந்தது.

1544 சூனில் இதே கரையில், குமரிமுனையில் படைவீரர்களுக்கு அஞ்சிக் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பட்டினி கிடந்த மக்களுக்காகச் சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவு ஏற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று திருப்பி அனுப்பிவிட்டது. அதைத் துணைவருக்குத் தெரிவித்த மடலில், தோணி எத்தனை, காற்று எப்படி, இனிச் செய்யவேண்டியது என்ன என்பவை உண்டு. மொட்டை மாடியிலிருந்து இறங்கிவந்த பிறகு அம்மடலின் அருமை நமக்கு வேறுவிதமாக விளங்கியது.

அவருடைய தலைவரான புனித இஞ்ஞாசியாருக்கும் இதே தலைவலி இருந்தது என்பது பலர் அறியாதது. ஐரோப்பாவெங்கும் சிதறியிருந்த சகோதரர்களின் மடல்களைக் காண உரோமையில் நண்பர்கள் விரும்பினர். ஆனால் ஒரே தாளில் பணிச் செய்தியும் சொந்தக் குறையும் உடல் நோவும் கலந்து கிடந்தமையால், அவற்றை எடுத்துக் கொடுக்க இயலவில்லை. ஆகவே 1542 டிசம்பர் 10ஆம் நாள் பீட்டர் ஃபேபருக்கு எழுதிய மடலில் அவர் ஒரு முறையை வலியுறுத்தினார். முதன்மை மடல் ஒன்று வேண்டும். யாருக்கும் காட்டத்தக்கதாய், பயனுள்ளதை மட்டும் சொல்வதாய் அது இருக்கவேண்டும். ஒருமுறை எழுதித் திருத்தி, மீண்டும் எழுதவேண்டும். தாமும் அவ்வாறே செய்வதாகக் கூறுகிறார். ஏறத்தாழ 7,000 மடல்கள் விட்டுச் சென்றவர் அவர் என்பதை நினைவில் கொள்க! மற்றவற்றை அவர் தடுக்கவில்லை. தனித்தாளில் உள்ளம் நிறைந்ததை ஒழுங்காகவோ ஒழுங்கின்றியோ கொட்டலாம் என்று விட்டுவிட்டார்.

வெள்ளத்துக்குப் பின் கூடிய அன்பியக் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னோம். குழுவில் இனி ஒரு செய்திக்கு ஒரு பொருள், அதுவும் முதல் வரியிலேயே என்று எல்லாரும் ஒப்புக்கொண்டனர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், மறையுரை எட்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2024 சூனில் கூறியபோது, நம் இளைஞர்கள் அதையும் குழுவில் போட்டு மகிழ்ந்தனர். துரோவாவில் பவுலடியார் நள்ளிரவு வரை பேச, உறங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த இளைஞனை அவரே உயிரோடு எழுப்பினார். அந்த வரம் எல்லாப் பேச்சாளருக்கும் வாய்ப்பதில்லை.

ஆனால் ஒருவர் மட்டும் மௌனமானார். ஓய்வுபெற்ற ஆசிரியர், மனைவி இறந்துவிட்டார், மக்கள் வெளிநாட்டில். பழைய ஏரலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவந்தவர் அவர்தான். மூன்று வாரம் அவரிடமிருந்து ஒன்றும் வராததால் வீட்டுக்கே சென்றோம். காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, கோபமின்றிச் சொன்னார்: “தம்பி, ஒரு வரியில சொல்லி முடிச்சிட்டா, ராத்திரி பூரா நான் என்னத்தச் செய்ய?”

அன்று மாலையே தனித்தாள் ஒன்று தொடங்கினோம். ‘திண்ணை’ என்று பெயரிட்ட இரண்டாவது குழு அது. அங்கு நீளத்துக்கு வரம்பில்லை. ஞாயிறு இரவு மட்டும் எழுதலாம். விரும்பியோர் சேரலாம் என்றோம். நம்மையும் சேர்த்துப் பதினொருவர் சேர்ந்தனர். அத்தைக்கு உறவுப் பையன் வாசித்துக் காட்டுகிறான். சென்ற ஞாயிறு ஆசிரியர் தம் தந்தையாரின் வெற்றிலைக் கொடிக்காலைப் பற்றி எழுதியிருந்தார். ‘மேலும் வாசிக்க’ என்பதை நான்கு முறை அழுத்தினோம். கிணற்று மேட்டில் வந்து நிறுத்தி, தண்ணீர் பங்கிட்ட கதை அடுத்த வாரம் என்று முடித்திருக்கிறார்.