தண்ணீர் எடுக்காத பம்பும் பூட் ஆகாத மடிக்கணினியும்

கணினி 'பூட்' ஆவதற்குப் பிரெஞ்சில் 'அமோர்சாஜ்' என்று பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நாளில் இந்தச் சொல்லை நான் கணினிக்காகக் கற்கவில்லை. அன்றைக்கு எங்களில் யார் கணினியைக் கண்டோம்? பம்புக்கு முதல் தண்ணீர் ஊற்றி ஓட வைப்பதற்கும் அதே சொல்தான். முள்ளுக்குறிச்சியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. புட்வால்வு கசிந்து குழாயில் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. மோட்டார் கெடவில்லை, கிணறும் வற்றவில்லை. ஒரு குடம் தண்ணீர்தான் குறைவு.

லினக்ஸ் போட்ட பிறகு கணினி எழும்பாமல் நிற்பதும் பல நேரம் இதே கதைதான்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். அதில் வந்த கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த கணினியை, அவள் கல்யாணமாகிப் போன பிறகு அவளுடைய அம்மா பயன்படுத்தி வந்தார். மகளிர் சுய உதவிக் குழுவின் வரவு செலவு, கடன், வட்டி எல்லாம் பல வருடமாக அதில்தான் ஏறியிருக்கிறது.

கணினி மெதுவாகிவிட்டது என்று, விடுமுறைக்கு வந்த மகன் பழைய பாஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதிய லினக்ஸ் ஒன்றைப் போட்டான். 'முடிந்தது' என்று திரை சொன்னது. பென்டிரைவை உருவிவிட்டு மறுபடி போட்டால் கறுப்புத் திரை. 'அப்படி ஒரு சாதனம் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே 'கிரப் ரெஸ்க்யூ'. டவுனில் ஒரு கடைக்காரர் பார்த்துவிட்டு, முழுவதும் அழித்துத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"ஏனுங்கய்யா, குழுக் கணக்கெல்லாம் போயிருமுங்களா? வெள்ளிக்கிழமை கூட்டமுங்க" என்று அந்த அம்மா கேட்டார். பன்னிரண்டு பெண்களின் சேமிப்புக் கணக்கு. கேட்கும்போது குரல் சரியாக வரவில்லை.

நான் காலமெல்லாம் கோப்பு பார்த்தவன். கோப்பு நகரவில்லை என்றால் எங்கள் முதல் கேள்வி, எந்த மேசையில் நிற்கிறது என்பதுதான். கணினிக்கும் அப்படி மேசைகள் உண்டு. மின்சாரம் வந்ததும் பயாஸ் விழித்து, உறுப்புகளைச் சோதித்து, டிஸ்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதில் நிரலுக்கு இடம் 446 பைட்தான். அவ்வளவு சின்ன இடத்தில் முழு வேலையும் அடங்காது. அடுத்த மேசையின் முகவரிதான் அடங்கும். அந்த முகவரியில் இருப்பது கிரப். அது கெர்னலை எழுப்பும், கெர்னல் மற்றவற்றை எழுப்பும்.

கம்பெனிச் சின்னமே வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் கருவியில். எழுத்துகள் சரசரவென்று ஓடி நின்றால் கெர்னல் வரை போய்விட்டது என்று பொருள். 'கிரப் ரெஸ்க்யூ' வந்தால், முதல் மேசை சரி, அடுத்த மேசையைக் காணவில்லை.

ஏன் காணவில்லை? டிஸ்கின் தலையில் இருந்தது பழைய பாஸ் எழுதி வைத்த முகவரி. அந்த வீட்டை இடித்துப் புது வீடு கட்டியாகிவிட்டது. தபால்காரர் பழைய கதவைத் தேடுகிறார். புதிய முகவரி எங்கே போனது? பையனிடம் கேட்டேன். "பூட் லோடர் எங்க போடணும்னு கேட்டுச்சு தாத்தா. முதல்ல இருந்ததையே விட்டுட்டேன்" என்றான். முதலில் இருந்தது பென்டிரைவ்.

அப்படியானால் சோதனை சுலபம். பென்டிரைவைச் செருகி, அதிலிருந்தே எழும்பச் சொன்னோம். புதிய லினக்ஸ் மணியாக வந்து நின்றது. விண்டோஸ் பகுதியைத் திறந்தால் குழுக் கணக்கு அப்படியே இருக்கிறது. அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்ததே அப்போதுதான்.

உடனே பழுது பார்க்கவில்லை. முதலில் கணக்கை வேறொரு பென்டிரைவில் பிரதி எடுத்தோம். பிறகு 'எல்எஸ்பிஎல்கே' என்று கட்டளை கொடுத்து எது டிஸ்க், எது பென்டிரைவ் என்று அளவை வைத்துப் பார்த்தோம். 320 ஜிபி டிஸ்க், 8 ஜிபி பென்டிரைவ், குழம்ப வழியில்லை. அந்த டிஸ்கின் பெயரைச் சொல்லி 'கிரப்-இன்ஸ்டால்', அதன்பின் 'அப்டேட்-கிரப்'. இரண்டே கட்டளை. பென்டிரைவை எடுத்துவிட்டுப் போட்டால் எழும்பியது. பட்டியலில் விண்டோஸும் இருந்தது.

யுஇஎஃப்ஐ உள்ள புதிய கணினிகளில் முறை கொஞ்சம் வேறு. அங்கே முகவரி ஒரு தனிப் பகுதியில் கோப்பாக இருக்கும். விண்டோஸ் யுஇஎஃப்ஐ முறையில் இருந்தால் லினக்ஸையும் அதே முறையில் போட வேண்டும். 'செக்யூர் பூட்' சில லினக்ஸ்களைத் தடுக்கும். ஆனாலும் கேள்வி அதேதான்: எந்த மேசையில் நிற்கிறது?

வீட்டில் ஒரு கணினி எழும்பாமல் நின்றால், அழிக்கச் சம்மதிப்பதற்கு முன் ஒரு பென்டிரைவ் லினக்ஸால் உள்ளே எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எழும்பாததெல்லாம் செத்துப்போனது அல்ல.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்பட்டது. மறுநாளே அந்த அம்மா நீளமான கணக்கு நோட்டு ஒன்றை வாங்கி, மாதாமாதம் கையாலும் எழுதத் தொடங்கிவிட்டார். எழுத்தராக இருந்தவனுக்கு அதில் தனிச் சந்தோஷம்.