ஓதிய துஆவும் கட்டாத ஒட்டகமும்



வாகனத்தில் ஏறும்போது ஓத வேண்டிய துஆவை ஓதிவிட்டுத்தான் அன்றும் வண்டியைக் கிளப்பினேன். வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்னர். மறுநாள் மதரஸாவுக்கு விடுமுறை. பின்னிருக்கையில் ஹிஃப்ழு வகுப்பில் ஓதும் 12 வயது மாணவன். அவனுடைய தாயார் கணவரை இழந்தவர். மேலூருக்கு அருகில் வசிப்பவர். நான் மதுரைக்குச் செல்வதை அறிந்து, "பிள்ளையையும் அப்படியே கூட்டிட்டு வந்துருங்க ஹஜ்ரத்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவனுக்குப் பின்னால், கேரியரில் ஓர் இரும்புப் பெட்டி. மதுரை நண்பருக்குச் சேர்க்க வேண்டிய கிதாபுகள் அதில் நிறைந்திருந்தன. என் தலையில் ஹெல்மெட் இருந்தது. அவன் தலையில் தொப்பி மட்டுமே இருந்தது.

திருச்சி - மதுரை நான்கு வழிச்சாலையில் விராலிமலையைக் கடந்து துவரங்குறிச்சியை நெருங்கியபோது வேகம் மணிக்கு 75 கிலோமீட்டரைத் தொட்டது. முதலில் வண்டியின் பின்பகுதி மெல்ல இடமும் வலமுமாக அசைந்தது. காற்று என்று எண்ணிக்கொண்டேன். ஒரு லாரி எங்களைக் கடந்து சென்றதும் ஹேண்டில் என் கைகளுக்குள் உதறத் தொடங்கிற்று. இறுகப் பிடித்தேன், உதறல் இன்னும் மிகுந்தது. பையன் "ஹஜ்ரத்!" என்று என் ஜிப்பாவைப் பற்றிக்கொண்டான். பிரேக்கை அழுத்த விரல்கள் துடித்தன. அல்லாஹ்வின் அருள், அழுத்தவில்லை. முழங்கால்களால் டேங்கை நெருக்கி, உடலை முன்புறம் சாய்த்து, ஆக்சிலரேட்டரைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினேன். வேகம் 50க்குக் கீழ் இறங்கியதும் ஆட்டம் அடங்கியது.

சாலையோரம் நிறுத்தினோம். இருவருக்கும் பேச்சு எழவில்லை. சற்று நேரங்கழித்து அவன் கேட்டான்: "நாம துஆ ஓதிட்டுத்தானே வந்தோம் ஹஜ்ரத்?"

பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடம் நடத்துகிறேன். அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் விடை இருக்கவில்லை.

எஞ்சிய தூரத்தை 40 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து கடந்தோம். வீட்டு வாசலில் காத்திருந்த அவன் தாயார், "உங்ககூட வர்றதால எனக்குக் கவலையே இல்ல ஹஜ்ரத்" என்றார். நான் நடந்ததைச் சொல்லவில்லை. பையனும் என் முகத்தைப் பார்த்துவிட்டு மௌனமாக உள்ளே சென்றான்.

மறுநாள் பெட்டியை இறக்கிவிட்டுத் தனியே திரும்பினேன். ஆட்டம் வெகுவாகக் குறைந்திருந்தது; ஆயினும் முற்றிலும் நீங்கவில்லை. சனிக்கிழமை காலை, வழக்கமாக வண்டியைக் காட்டும் மெக்கானிக் அண்ணனிடம் சென்றேன். அவர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "கோன்செட் மாத்தச் சொல்லி மூணு மாசம் ஆச்சே பாய், மாத்தினீங்களா?"

மாற்றவில்லை. அன்று 700 ரூபாய் செலவாகும் என்றார். "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அவர் ஒவ்வொன்றாகச் சோதித்தார். முதலில் காற்றழுத்தம். இருவர் ஏறும்போது பின்சக்கரத்தில் 32 இருக்க வேண்டும் என்று செயின் கவரில் ஒட்டியுள்ள தாள் கூறுகிறது. அளவுமானி 18 காட்டிற்று. காற்று குறைந்த டயர் பக்கவாட்டில் நெளிகிறது. வேகம் கூடும்போது அந்த நெளிவே வண்டியை அலைக்கழிக்கிறது.

அடுத்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தினார். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். ரிம்மில் கோணல் இல்லை, ஸ்போக்ஸ்களில் தளர்வு இல்லை. பின்னர் ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கச் சொன்னார். மேலே 'டக், டக்' என்று ஓசை எழுந்தது. ஹேண்டிலை மெல்லத் திருப்பியபோது, நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றது. கோன்செட்டைக் கழற்றியபோது குண்டுகள் பதிந்து பதிந்து ஏற்பட்ட குழிகள் கண்ணுக்கே தெரிந்தன.

பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். ஸ்விங் ஆர்ம் புஷ் நன்றாகவே இருந்தது. ஆனால் செயின் அட்ஜஸ்டரின் கோடுகள் இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக வேறுபட்டிருந்தன. முன்பு பஞ்சர் ஒட்டியபோது சக்கரம் கோணலாகப் பூட்டப்பட்டிருக்கிறது. நான் ஒருமுறை குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இறுதியாகப் பெட்டியைச் சுட்டினார். பின் ஆக்சிலுக்கும் அப்பால் ஏற்றப்படும் பாரம் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்குகிறது. முன்சக்கரம் சாலையைப் பற்றும் பிடி தளர்கிறது.

"ஒரு கோளாறுன்னா வண்டி தாங்கிக்கும் பாய். நாலும் சேர்ந்தா எப்படித் தாங்கும்?" என்றார்.

புதிய கோன்செட்டுக்குக் கிரீஸ் பூசிப் பொருத்தினார். மிகையாக இறுக்கினாலும் வண்டி நேராகச் செல்லாமல் அலையும் என்பதால், தளர்வும் இல்லாமல், தட்டிவிட்டால் ஹேண்டில் தானாகச் சாயும் அளவில் நிறுத்தினார். சக்கரத்தை நேராக்கிக் காற்றையும் சரிசெய்தார். அன்று மாலை தனியாக ஓட்டிப் பார்த்தேன். 50, 60, 75. வண்டி நூல் பிடித்தாற்போல் சென்றது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதும், கட்டிவிட்டே தவக்குல் வைக்கும்படி அவர்கள் வழிகாட்டியதும் திர்மிதீயில் பதிவாகியுள்ளன. இந்த ஹதீஸை ஒவ்வோர் ஆண்டும் பாடமாக நடத்துகிறேன். காரணிகளைப் படைத்தவனும் அல்லாஹ்வே என்று விளக்குகிறேன். ஆனால் 700 ரூபாய்ச் செலவு முன்னால் நின்றபோது என் சோம்பலுக்குத் தவக்குல் என்று பெயர் சூட்டிக்கொண்டேன். அதன் விலையைச் செலுத்த நேர்ந்திருந்தால், அது என்னிடம் அமானத்தாக ஒப்படைக்கப்பட்ட பிள்ளையின் உயிராகவும் இருந்திருக்கும்.

மறுவாரம் வகுப்பில் அந்தப் பையனை அழைத்து, "துஆ சரியாகத்தான் இருந்தது, உன் உஸ்தாத்தான் ஒட்டகத்தைக் கட்டவில்லை" என்றேன். பிறகு அவன் தாயாருக்குத் தொலைபேசியில் நடந்தவை அனைத்தையும் கூறி மன்னிப்புக் கேட்டேன். நெடுநேரம் மறுமுனையில் ஓசையில்லை. "சொன்னதுக்கு ஜஸாக்கல்லாஹ் ஹஜ்ரத். இனிமே அவனைப் பஸ்ல அனுப்பிவிடுங்க" என்றார்.

அது நியாயமான தீர்ப்பு. இப்போது வியாழக்கிழமைகளில் அவனைப் பேருந்தில் ஏற்றி, இருக்கை கிடைத்ததைப் பார்த்துவிட்டே திரும்புகிறேன். வண்டியை எடுக்கும்முன் டயரையும் ஹேண்டிலையும் பார்க்கிறேன். பின்னால் அமர்பவருக்கென இன்னொரு ஹெல்மெட் வைத்திருக்கிறேன். அதன் பிறகே துஆ ஓதுகிறேன். நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டவற்றைப் பேணும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.