இடம் மாறிய ஒற்றைக்கொம்பு

தணிகை மலையின் 365 படிகளுக்குக் கீழே விரியும் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே பெயர்ப்பலகையில் அடுத்தடுத்து நிற்கும். 1960 ஏப்ரல் முதல் நாளில்தான் திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து நம் மாநிலத்தோடு இணைந்தது. இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு இருமொழி எழுத்துகளையும் விளையாட்டாகவே கற்பிக்க விரும்பி, நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் கணினி விளையாட்டொன்றை உருவாக்கினார். தமிழ்ச் சொற்பட்டியலை நாம் தட்டச்சிட்டுக் கொடுத்தோம்.

கணினியின் இணைய உலாவியில் அது குறையின்றி ஓடிற்று. அதனையே கைப்பேசிக்கு மாற்றியதும் எழுத்துகள் சிதைந்தன. 'கொடி'யின் ஒற்றைக்கொம்பு ககரத்திற்கு முன்னே நில்லாமல் பின்னே போய்த் துணைக்காலோடு ஒட்டிக்கொண்டது. தெலுங்கில் அடியில் அமரவேண்டிய ஒத்தெழுத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"ஐயா, தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்திலேயே போட்டுவிடட்டுமா?" என்றார் மாணவர்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுத்தைக் கற்பிக்க வந்த விளையாட்டு எழுத்தையே கைவிடுவதா? கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் சமையலறையைக் கதையாக்கி, 2023-இல் டொரோண்டோவிலிருந்து வந்த 'வெண்பா' என்னும் விளையாட்டு, கணினியிலும் பல விளையாட்டுக் கருவிகளிலும் ஓடியதே! இங்கே ஒரு கொம்பை உரிய இடத்தில் நிறுத்த இயலாதா? "ஒரு வாரம் பொறுங்கள், தம்பி" என்றோம்.

நிரலெழுதும் கலை நாம் அறியாதது. அறிந்தது இலக்கணம். ககர வரிசை முழுவதையும் இரு கருவிகளிலும் ஓட்டச் சொன்னோம். கைப்பேசியில் க, கா இரண்டும் தப்பின. கு, கூ ஆகியவற்றின் குறிகள் பிரிந்து தொங்கின. கெ, கே, கை மூன்றிலும் முன்னே வரவேண்டியது பின்னே வந்தது. நோயின் முதல் அப்போதே புலப்பட்டுவிட்டது. ஒருங்குறியில் உயிர்மெய் ஒலிக்கும் முறைப்படியே சேமிக்கப்படுகிறது. மெய்க்குப் பின்னரே உயிர் என்று தொல்காப்பியர் கண்ட அதே வரிசை. அதனைக் கண்ணுக்கேற்ப இடம் மாற்றி அடுக்குவது வேறொரு நிரலின் வேலை. உலாவியில் அந்நிரல் இருந்தது. கைப்பேசிக்கென மாணவர் எடுத்தாண்ட விளையாட்டு இயந்திரத்தில் இல்லை. வந்த குறியை வந்தபடியே அது கோத்துவிட்டது.

அரபு எழுத்துகள் கைகோக்காமல், இடமிருந்து வலமாகத் தனித்தனியே நிற்கும் திரைகளையும் நாம் கண்டதுண்டு. குர்ஆன் ஓதப் பழகிய நம் வீட்டுப் பிள்ளைகள் அவற்றைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதுவும் இதே நோய்தான். மருந்தின் பெயரும் அத்திசையிலிருந்தே வந்திருக்கிறது: ஹார்ஃப்பஸ். 'ஹர்ஃப்' அரபியில் எழுத்து. 'பாஸ்' பாரசீகத்தில் திறந்தது. ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் எழுத்தடுக்கும் பணியைச் செய்யும் இலவச நிரல்தொகுதி அது. மாணவர் அதனை இணைத்தார். தமிழும் தெலுங்கும் நிமிர்ந்தன.

ஆயினும், 'கொடி' என்று சரியாக விடை எழுதினாலும் சில வேளை தவறு என்றது விளையாட்டு. ஒகரக் குறியை ஒன்றாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்று, பொறிக்கு வேறு. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒருவடிவாக்கும் ஒற்றை வரியில் அக்குறை தீர்ந்தது.

எஞ்சியது 'கௌதாரி'. எந்தக் கருவியில் எழுதினாலும் தவறு! இரண்டு நாள் இயந்திரத்தை வைதோம். மாணவர்தாம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, ஒரு கருவியில் மட்டும் பிழை என்றால் கருவியைச் சந்தேகிக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே பிழை வருகிறதே, பட்டியலைப் பார்க்கலாமா?"

பார்த்தோம். ஔகாரக் குறிக்கு மாற்றாக, 'கெ'யை அடுத்து ளகரத்தை நாமே தட்டியிருந்தோம். கண் ஏமாந்தது, பொறி ஏமாறவில்லை. மாணவர் சிரிக்காமல் இருந்தது அவருடைய பண்பு.

பட்டியலைத் திருத்தி அனுப்பிய அன்றிரவே நம் பழைய வினாத்தாள் கோப்புகளைத் திறந்து, கௌரவம், பௌர்ணமி, பௌத்தம் என ஒவ்வொன்றாகத் தேடினோம். ஔவையார்கூட, ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து கிடந்தார்.