ரெக்கார்டு நோட்டு

ஜனவரி 6, செவ்வாய்

சாயங்காலம் வகுப்பு வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரு பட்டியல் வந்தது. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி ரெக்கார்டு முடிக்காத பிளஸ் டூ பிள்ளைகளின் பெயர்கள். நாளை பெற்றோர் நேரில் வர வேண்டும் என்று கீழே ஒரு வரி. நடுவில் என் மகன் பெயர். எந்தச் சோதனை பாக்கி, எப்போதிலிருந்து பாக்கி, ஏன் பாக்கி, எதுவும் இல்லை. “அடிச்சாவது எழுத வைங்க சார்” என்று ஒரு தகப்பனார் பதில் போட்டிருந்தார். படித்ததும் வயிறு எரிந்தது. பதினேழு வயதுப் பிள்ளைகள் இதையெல்லாம் பார்க்கத்தானே செய்கிறார்கள்.

அவனைத் திட்டவில்லை. அப்சர்வேஷன் நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். மீட்டர் பிரிட்ஜ் முடிந்து சார் கையெழுத்து இருக்கிறது. டேன்ஜென்ட் கால்வனோமீட்டர், பொட்டென்ஷியோமீட்டர் இரண்டுக்கும் தலைப்பு மட்டும். தேதி அக்டோபர். டெங்குவில் அவன் படுத்துக் கிடந்த நாட்கள் அவை.

“ரீடிங் இல்லாம எதைம்மா எழுதறது?” என்றான்.

லேபில் எடுத்த ரீடிங்கை அப்சர்வேஷன் நோட்டில் குறித்து, சாரிடம் கையெழுத்து வாங்கி, அதன் பிறகுதான் ரெக்கார்டில் எழுத வேண்டும். முதல் படியே ஏறாதவனிடம் மூன்று மாதமாக மூன்றாம் படியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவனும் வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

ஜனவரி 7, புதன்

பள்ளிக்குப் போனேன். அம்மா அப்பாவை உள்ளே உட்காரவைத்துப் பேசுவதும், பிள்ளையை ஸ்டாஃப் ரூமுக்கு வெளியே நிற்கவைப்பதும் இங்கே வழக்கம். “அவனையும் கூப்பிடுங்க சார், அவனோட நோட்டுதானே” என்றேன். பிசிக்ஸ் சார் நல்ல மனிதர். யோசித்துவிட்டுக் கூப்பிட்டார்.

“நானும் சொல்லிட்டேதாங்க இருக்கேன், நோட்டு வரவே மாட்டேங்குது.”

“ரீடிங் எடுக்கணும்னு கேட்டேன் சார். அப்புறம் பாக்கலாம்னீங்க.”

சார் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரைப் புரட்டினார். அக்டோபர் பக்கத்தில் விரல் நின்றது. “சரிடா, நாளையிலிருந்து மத்தியான சாப்பாட்டு நேரத்துல லேபுக்கு வா” என்றார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிஷம் நவம்பரிலேயே கிடைத்திருக்கலாம் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. அவர் கையில் ரெஜிஸ்டர் இருந்தது, என் கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு, அவன் கையில் வெறும் பக்கம். மூன்றையும் ஒரே மேஜையில் வைக்க ஜனவரி வரவேண்டியிருந்தது.

ஜனவரி 9, வெள்ளி

நாத்தனார் போன் செய்தாள். “பக்கத்துப் பையன் நோட்டைப் பாத்துக் காப்பி அடிக்கச் சொல்லுங்க அண்ணி. படத்தையெல்லாம் நீங்களே பென்சில்ல போட்டுக் குடுத்துருங்க, பொங்கல் லீவுல முடிஞ்சிரும்.” ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. ரெக்கார்டின் இடது பக்க வெள்ளைத் தாளில் அம்மாக்கள் வரைந்த சர்க்யூட்டுகள் எத்தனையோ. நான் மாட்டேன் என்றேன். பிசிக்ஸில் பத்து சோதனை. பிராக்டிகல் அன்று பொட்டென்ஷியோமீட்டர் வந்தால் ஜாக்கியை நகர்த்தி முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டியது அவன் கை. இன்னொருவன் எடுத்த எண்கள் அந்தக் கைக்கு எதையும் கற்றுத் தராது.

ஜனவரி 12, திங்கள்

தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்தப் பத்திலும் வருகைக்கு 2, உள் தேர்வுகளுக்கு 4, ஒப்படைப்புக்கு 2, மற்றச் செயல்பாடுகளுக்கு 2 என்று வருஷம் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்வது. சிறுகச் சேர்வதைப் பற்றிய தகவலும் அவ்வப்போது வந்தால்தானே உண்டு?

கேட்டது இவ்வளவுதான். பாக்கி விவரம் குரூப்பில் வேண்டாம், அந்தந்த வீட்டுக்கு மட்டும் வரட்டும். எது பாக்கி என்று பெயரோடு வரட்டும். முதலில் பிள்ளையிடம் சொல்லி, காரணம் கேட்டு, அந்தக் காரணத்தையும் ஒரு வரி சேர்த்து எங்களுக்கு அனுப்பட்டும். வீட்டில் காய்ச்சலோ சாவோ கஷ்டமோ இருந்தால் நாங்களும் பள்ளிக்கு அன்றே சொல்கிறோம்.

2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. வீட்டில் எதையும் சொல்லாமல் பிள்ளைகள் உள்ளுக்குள் வைத்துக்கொள்ளும் வயது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பள்ளியும் வீடும் அப்போதுதான் இன்னும் நெருங்கிப் பேச வேண்டும். நடப்பதோ நேர்மாறு. ஒன்றாம் வகுப்பில் தினமும் டைரியில் எழுதி அனுப்பிய பள்ளி, பிளஸ் டூவில் பட்டியல் மட்டும் போடுகிறது.

ஜனவரி 20, செவ்வாய்

பிசிக்ஸில் இரண்டு ரீடிங்கும் முடிந்து கையெழுத்தாகிவிட்டது. கடிதத்துக்குப் பதில் இன்னும் இல்லை, பிப்ரவரி பெற்றோர் கூட்டத்தில் மறுபடி கேட்பேன். ஆனால் இன்று கெமிஸ்ட்ரி மிஸ் அவராகவே போன் செய்தார். “வால்யூமெட்ரிக்ல ரெண்டு பாக்கிங்க, ஆர்கானிக் அனாலிசிஸ் முடிச்சிட்டான்” என்று விவரமாகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு, “அவன் இங்கதான் இருக்கான் மிஸ், நீங்களே பேசுங்க” என்று போனை அவனிடம் கொடுத்தேன். வியாழக்கிழமை லேப் காலியா என்று கேட்டான். வெள்ளிக்கிழமை நோட்டை வைத்துவிடுவதாக அவனே நாள் சொன்னான்.