கழுக்குன்றத்தின் கல்லெழுத்துகள்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் உள்ளது திருக்கழுக்குன்றம். பௌர்ணமியன்று கிரிவலம் வருவோரில் பலர் அடிவாரத்தைச் சுற்றியதோடு திரும்பிவிடுகின்றனர். மலைமேல் வேதகிரீசுவரரை வணங்கி இறங்கும் வழியில் ஒருகல் மண்டபம் என்னும் பல்லவர் குடைவரை இருக்கிறது. அதில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தம் பெயர்களை வெட்டி வைத்துள்ளனர். அருகிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் வணிகம் செய்தவர்கள் அவர்கள்.

உடன் வந்த மாணவர் ஒருவர் கேட்டார்: "இன்று நான் கீறினால் குற்றம். அவர்கள் கீறியது மட்டும் எப்படி ஐயா வரலாறு?"

காலம்தான் காரணம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. இவ்வூரிலேயே வேறொரு கல்லெழுத்து உண்டு. கந்தசிஷ்யன் இக்கோயிலுக்கு அளித்த நிலக்கொடையை வாதாபி கொண்ட நரசிம்மவர்மன் காத்தான். 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆதித்த சோழன் அதைப் புதுப்பித்தான் என்கிறது அது. பல்லவரை வீழ்த்திய சோழன், அவர்கள் பெயரை மறைக்காமல் அவர்கள் கொடையைத் தொடர்ந்திருக்கிறான்.

டச்சுக்காரர் எழுத்து அவர்கள் வந்து போனதற்குச் சான்று, அவ்வளவே. சோழன் எழுத்தோ பிறர் அறத்துக்குக் காவல். இரண்டும் பழமையானவை என்பதற்காக ஒன்றாகிவிடா. வலம் வருவோர் ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கி, பகல் வெளிச்சத்தில் அந்த மண்டபத்தையும் பார்த்துவிட்டுச் செல்லலாம்.