அட்டையைக் கழற்றும் முன்

ஐப்பசி, திங்கள் இரவு

நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் நண்பரின் கணினி வீட்டுக்கு வந்துவிட்டது. காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டால் கூலிக் கணக்கு முழுக்க இதில்தான். அவர் மகள் வீடியோ வெட்டி ஒட்டுவதும் இதிலேயே. உள்ளே லினக்ஸ் மின்ட், என்விடியா ஜிடி 710 கார்டு. மாற்றுவதற்குச் சேலத்திலிருந்து ஏ.எம்.டி.யின் ரேடியான் ஆர்.எக்ஸ் 550 வாங்கி வந்திருக்கிறார்.

பழைய கார்டில் கோளாறு ஒன்றுமில்லை; என்விடியாதான் அதைக் கைகழுவிவிட்டது. இது போன்ற கெப்ளர் வகை கார்டுகளுக்கு 470 வரிசை டிரைவரே கடைசி. அதற்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 செப்டம்பரோடு நின்றன. கெர்னலோ மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் டி.கே.எம்.எஸ். அந்த டிரைவரை மறுபடி உருவாக்க வேண்டும். ஒருநாள் அது முடியாமல் போகும். மறுநாள் காலை திரை இருட்டு.

“கழட்டி மாட்டுனா முடிஞ்சுதுங்களே, அண்ணா?” என்றார் நண்பர். முடியாது. நாளைக்கு வரச் சொன்னேன்.

செவ்வாய்

ராத்திரி அடித்த காற்றில் எங்கோ சில்வர் ஓக் கிளை கம்பிமேல் விழுந்திருக்கிறது. பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. உட்கார்ந்து யோசிக்கத்தான் நேரம்.

விண்டோஸ்காரர்களுக்கு ஒரு பழக்கம்: கார்டு மாற்றினால் பழைய டிரைவரைத் தடமில்லாமல் துடைப்பது, புதியதை ஏற்றுவது. லினக்ஸில் ஏ.எம்.டி. கார்டுக்கு இரண்டாவது வேலையே கிடையாது. ஏ.எம்.டி.ஜி.பி.யு. டிரைவர் 2015-ல் வந்த 4.2 கெர்னலிலிருந்து உள்ளேயே இருக்கிறது. படம் வரைவதை மேசா நூலகம் பார்த்துக்கொள்கிறது. முதல் வேலையும் பாதிதான் தேவை. கெர்னலோடு வரும் மாற்று டிரைவரான நூவோவை ஏற்றாதே என்று என்விடியா எழுதிவைத்த தடைக் குறிப்பு அப்படியே கிடந்தாலும் ரேடியானுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மிச்சப் பொதிகள் இடத்தை அடைக்கும், அவ்வளவுதான்.

உண்மையில் காலை வாருபவை வேறு. என்விடியா டிரைவரைத்தான் ஏற்ற வேண்டும் என்று எக்ஸ்ஆர்க்.கான்ஃப் கோப்பில் எழுதியிருந்தால், புதுக் கார்டில் எக்ஸ் சர்வர் எழும்பாது. அதைவிட நயவஞ்சகமானது ‘நோமோட்செட்’. எப்போதோ திரை வராதபோது யாரோ கணினியைத் துவக்கும் கிரப்பில் சேர்த்த அந்த ஒரு சொல் இருக்கும்வரை ஏ.எம்.டி. டிரைவர் வேலைக்கே வராது. திரை தெரியும், ஆனால் மந்தமாக. கார்டு சொத்தை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம்.

2011-ல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் எங்கள் மலைப் பிள்ளைகள் கைக்கும் வந்தது. மடிக்கணினியில் கார்டு மாற்ற வழியில்லை என்பதால் இந்தத் தலைவலியை அவர்கள் அறியார்கள். இதையெல்லாம் பார்க்கும்போது, லினக்ஸை ஆக்கிய டோர்வால்ட்ஸ் 2012-ல் பின்லாந்தில் மேடையில் என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டியது வீண் கோபம் என்று எனக்குத் தோன்றவில்லை.

புதன்

கரண்ட் வந்தது. பழைய கார்டு உள்ளே இருக்கும்போதே துடைக்க வேண்டும். திரை தெரியும்போது செய்வதே சுகம். அதற்கும் முன்னால் எஸ்.எஸ்.எச். சர்வரை ஓடவிட்டேன். நாளை திரை இருண்டாலும் என் மடிக்கணினியிலிருந்து உள்ளே நுழையலாம். ரேடியானுக்குத் தேவையான ஃபர்ம்வேர் பொதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். மழைநாளில் இணையத்தை நம்பி இறங்கக் கூடாது.

பொதிப் பட்டியலில் என்விடியா பெயரே இல்லை, டிரைவரோ ஓடிக்கொண்டிருக்கிறது. யாரோ என்விடியா தரும் ‘ரன்’ கோப்பை இறக்கி நேரடியாக ஏற்றியிருக்கிறார்கள். பொதி நிர்வாகியான ஏ.பி.டி. வைக்காததை ஏ.பி.டி. எடுக்காது. வரைகலைத் திரையை நிறுத்தி, எழுத்துத் திரைக்குப் போய், என்விடியாவின் சொந்த அன்இன்ஸ்டாலரை ஓட்டினேன். எக்ஸ்ஆர்க்.கான்ஃபை அழிக்கவில்லை, பெயரை மாற்றி ஓரமாக வைத்தேன். கிரப்பில் நினைத்தபடியே நோமோட்செட். எடுத்துவிட்டு, கிரப்பையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பித்து, அணைத்தேன்.

வெள்ளி

கார்டை மாற்றியதும் முழுத் தெளிவில் திரை வந்தது. அதோடு விடக் கூடாது. ஜி.எல்.எக்ஸ்.இன்ஃபோ கட்டளையில் ரெண்டரர் வரியைப் பார்க்க வேண்டும்: ‘எல்.எல்.வி.எம்.பைப்’ என்றிருந்தால் கார்டு சும்மா இருக்கிறது, பிராசசரே படம் வரைகிறது. இங்கே ரேடியான் என்று வந்தது.

“பழசு குப்பைக்கா, மாமா?” என்றாள் நண்பரின் மகள். இல்லை பாப்பா, கெர்னலோடு வரும் நூவோ டிரைவரில் அது இன்னும் ஓடும். வீடியோ வேலைக்கு ஆகாது, கணக்கு எழுதத் தாராளம்.

மலைக்குக் கணினி அனுப்பும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மின்ட்டிலேயே டிரைவர் மேனேஜர் இருக்கிறது. என்விடியா கார்டு என்றால் அதன் வழியாக ஏற்றிக் கொடுங்கள். ‘ரன்’ கோப்பைத் தொடாதீர்கள். தொட்டே ஆகவேண்டும் என்றால், பெட்டிமேல் ஒரு சீட்டிலாவது எழுதி ஒட்டி அனுப்புங்கள்.